ஆண்டு மலரில் ₹, °, ½, ௵: எந்த வழியில் தட்டினால் அச்சு வரை நிற்கும்?

ஜனவரி பிறந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கப் பள்ளிகளில் ஆண்டு விழாவோடு ஆண்டு மலர் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஒரு தமிழாசிரியர், கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர், ஆர்வமுள்ள நான்கைந்து பிள்ளைகள். பெரும்பாலும் இவ்வளவுதான் மலர்க்குழு. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பார்க்க இந்தக் குழுவில் ஆள் உண்டு. குறியீடுகளைப் பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை. அதனால்தான் நன்றாக எழுதப்பட்ட கட்டுரையில் “வெப்பநிலை 38□ செல்சியஸ்” என்று ஒரு வெற்றுக் கட்டம் அச்சாகிவிடுகிறது. நன்கொடைப் பட்டியலில் ₹ இருக்க வேண்டிய இடமெல்லாம் ` என்று ஒரு சின்னக் கீற்று நிற்கிறது. ‘மீ²’ என்று எழுதிக் கொடுத்தது ‘மீ2’ என்று வருகிறது. ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரை அச்சில் பார்க்கும் பக்கம் அது. அந்தப் பக்கம் இப்படி வரக்கூடாது.

இந்தக் குறிகளைத் தட்டுவதற்கு வழி ஒன்றல்ல, ஏழெட்டு உண்டு. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண் அடிப்பது, வேர்டின் சிம்பல் பெட்டியிலிருந்து எடுப்பது, போனில் விசையை அழுத்திப் பிடிப்பது, எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டுவது என்று ஆளுக்கு ஒரு பழக்கம். எல்லாரும் கேட்பது “எது சுலபம்?” என்பதுதான். ஆனால் மலருக்கு வரும் கட்டுரை போகும் பாதையைக் கொஞ்சம் பாருங்கள். பிள்ளையின் போனில் பிறந்து, வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு வந்து, வேர்டில் திருத்தப்பட்டு, டிடிபி ஆபரேட்டரிடம் போய், பி.டி.எஃப். ஆகி, கடைசியில் பிளேட் ஏறுகிறது. இத்தனை கை மாறியும் குறி குறியாகவே இருக்குமா என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுலபம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

முதலில் அச்சகத்திடம் கேளுங்கள்

“யூனிகோடில் கொடுத்தால் அப்படியே வைப்பீர்களா, இல்லை பழைய ஃபான்டுக்கு மாற்றுவீர்களா?” யூனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் கொடுத்து வைத்திருக்கும் உலகப் பொது முறை. இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நம் பக்கத்து டிடிபி கடைகளில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தெரியாது. ஆகவே பாமினி, வானவில், டேம், டேப் போன்ற பழைய முறை ஃபான்டுகளில்தான் அதில் தமிழ் வைக்க முடியும். ஆபரேட்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல வருடமாகக் கை பழகிய மென்பொருள், வேகமாக வேலை முடிகிறது. ஆனால் அங்கே குறியீடுகளுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டே போக வேண்டும்.

பழைய ஃபான்டுகளில் தமிழ் எழுத்துக்கு என்று தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்தும் குறிகளும் உட்கார வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். ஒரு பிள்ளை கட்டுரையில் உண்மையாகவே அரைப்புள்ளி போட்டிருந்தால், மாற்றும்போது அது முந்தைய எழுத்தின் தலையில் புள்ளியாக ஏறிவிடக்கூடும். டேம், டேப் வகையில் 128-க்கு மேல் உள்ள இடங்களைத் தமிழ் எழுத்துகள் எடுத்துக்கொள்கின்றன. டிகிரிக் குறியின் எண் 176, அரை என்பதன் எண் 189, பெருக்கல் குறியின் எண் 215. எல்லாமே அந்த வட்டாரத்தில்தான் வருகின்றன. அதாவது அந்த ஃபான்டில் இருந்துகொண்டு ° தட்டினால் ஏதோ ஒரு தமிழ் எழுத்துத் துண்டு வந்து நிற்கும். தட்டியவர் கை சரியாகத்தான் தட்டியிருக்கும்.

₹ குறியின் கதை இன்னும் சிக்கல். தமிழரான உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை இந்திய அரசு ஏற்றது 2010 ஜூலை 15-இல். அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடின் 6.0 பதிப்பில் அதற்கு இடம் கிடைத்தது. பேஜ்மேக்கர் அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முந்தையது. இடைக்காலத்தில் ஃபோரேடியன் என்ற நிறுவனம் ஒரு ரூபாய் ஃபான்டை வெளியிட்டது. விசைப்பலகையின் இடது மேல் மூலையில், 1-க்கு முன்னால் இருக்கும் கீற்று விசையைத் தட்டினால் ₹ உருவம் தெரியும். தெரிவதுதான் ₹, உள்ளே இருப்பது கீற்று. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் `500 என்று பல்லைக் காட்டும். அழைப்பிதழ்களிலும் டெண்டர் அறிவிப்புகளிலும் இன்றுவரை நீங்கள் பார்க்கும் அந்தக் கீற்றுக்குக் காரணம் இதுதான்.

தமிழக அரசே 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆகவே யூனிகோடில் வேலை செய்யும் அச்சகம் கிடைத்தால், பக்கத்துக்குச் சில ரூபாய் கூடுதலானாலும் அங்கேயே கொடுங்கள் என்பேன். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்களானால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தின் தவறான பக்கத்தில் வந்து நிற்கும். இன்டிசைனில் இன்னொரு நன்மை: ஃபான்டில் இல்லாத எழுத்து வந்தால் அந்த இடத்தை இளஞ்சிவப்பாகக் காட்டிவிடும். வேர்ட் அப்படிச் செய்யாது. சத்தமில்லாமல் வேறொரு ஃபான்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடும்.

ஆல்ட் எண்கள்

பழைய முறை, ஆனால் நான் மிகவும் மதிக்கும் முறை. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலது பக்க எண்பலகையில் எண்ணைத் தட்டி விட்டால் குறி வந்துவிடும். பள்ளி மலருக்கு இத்தனை மனப்பாடமானால் போதும்: ° வேண்டுமென்றால் 0176, ² வேண்டுமென்றால் 0178, ½-க்கு 0189, ¼-க்கு 0188, ×-க்கு 0215, ÷-க்கு 0247, ஆண்டுகளுக்கு நடுவில் போடும் நடுத்தரக் கோட்டுக்கு 0150, நீளக் கோட்டுக்கு 0151, © குறிக்கு 0169.

முன்னால் இருக்கும் சுழியத்தை விட்டுவிடக் கூடாது. 0176 என்றால் °, வெறும் 176 என்றால் ░ என்று புள்ளிகள் நிறைந்த ஒரு கட்டம். சுழியம் இல்லாத எண்கள் பழைய டாஸ் காலத்து வரிசைக்குப் போய்விடும், அதில் டிகிரியின் எண் 248. இணையத்தில் ஒருவர் 248 என்கிறார், இன்னொருவர் 0176 என்கிறார் என்று குழம்ப வேண்டியதில்லை. இரண்டும் சரி, வரிசைதான் வேறு.

இந்த முறையின் பெரிய பலம், தமிழ் விசைப்பலகையில் இருந்துகொண்டே தட்டலாம் என்பது. தமிழ்99-லோ அழகியிலோ என்.எச்.எம். ரைட்டரிலோ தட்டிக்கொண்டு போகும்போது ஆங்கிலத்துக்குத் தாவத் தேவையில்லை, எண்தானே. வேர்டுக்குள் இருந்தால் 8377 தட்டி ₹ கூட எடுக்கலாம். வேர்டுக்கு வெளியே எல்லா மென்பொருளிலும் அது வராது.

பலவீனம் கணினியின் உடம்பிலேயே இருக்கிறது. எண்பலகை வேண்டும், நம்லாக் எரிய வேண்டும். மேல் வரிசை எண்களில் தட்டினால் ஒன்றும் நடக்காது. அரசு 2011 முதல் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் போன்ற சிறிய திரைக் கணினிகளில் பொதுவாகத் தனி எண்பலகை இருக்காது. ஆகவே இது பள்ளிக் கணினி ஆய்வகத்து மேசைக் கணினிக்கும் டிடிபி கடைக்கும் உகந்த முறை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை.

வேர்டுக்குள் இருக்கும் வசதிகள்

இவை கவர்ச்சியானவை, ஆனால் சிலவற்றில் பொறி இருக்கிறது.

நல்லது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குறியின் யூனிகோட் எண்ணைத் தட்டி, உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் எண் குறியாக மாறும். லிப்ரே ஆபிஸிலும் இது வேலை செய்கிறது. எண்பலகை தேவையில்லை. ஆனால் ₹-க்கு 20 தட்டி, ஆங்கில ‘பி’ தட்டி, 9 தட்ட வேண்டும். தமிழ் விசைப்பலகையில் இருந்தால் அந்த ‘பி’ வராது, மொழியை மாற்றித் திரும்ப வேண்டியிருக்கிறது. ₹ மட்டும்தான் வேண்டுமென்றால் விண்டோஸில் ‘இங்கிலிஷ் (இந்தியா)’ விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, வலது ஆல்ட்டும் 4-உம் அழுத்துங்கள். இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது ஆட்டோகரெக்ட். 1/2 என்று தட்டினால் ½ ஆகும், இரண்டு சிறுகோடுகள் சேர்ந்து நீளக் கோடாகும். நீங்களே ஒரு சுருக்கத்தைப் பதிந்து வைத்து ° வரவழைக்கலாம். ஆனால் பதிந்தது அந்தக் கணினியோடு போயிற்று. ஆய்வகத்தில் பக்கத்து நாற்காலிக்கு மாறினால் அது இருக்காது. அப்புறம், ஆங்கிலப் பக்கத்தில் ஏ, பி, சி என்று அடைப்புக்குள் வரிசைப்படுத்தினால் மூன்றாவது வரி மட்டும் © என்று மாறி நிற்கும். ஆங்கில ஆசிரியர் திருத்தித் திருத்திச் சலித்துப்போவார். அந்த ஒரு பதிவை ஆட்டோகரெக்ட் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனிப் பொறிகள். முதலாவது, மேலெழுத்து வடிவூட்டல். கன்ட்ரோல், ஷிஃப்ட், சமக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தி 2 தட்டினால் எண் சின்னதாக மேலே ஏறும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது வெறும் 2-க்குப் போட்ட அலங்காரம். வாட்ஸ்அப் வழியாகவோ வெறும் உரையாகவோ போன மறுகணம் அலங்காரம் கழன்றுவிடும். 10² என்று கணக்குப் பிள்ளை எழுதியது 102 என்று அச்சாகும். விடையே தப்பு. அதே இடத்தில் ² என்ற தனிக் குறியைப் பயன்படுத்தியிருந்தால் எங்கு போனாலும் மேலேயே இருக்கும். நீரின் வேதி வாய்பாட்டில் வரும் சிறு ₂-உம் இப்படித்தான். மேலும் கீழும் வரும் எண்கள் அனைத்தும் தனிக் குறியாகவே வரட்டும் என்று அறிவியல் ஆசிரியரிடம் ஒருமுறை பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது பொறி, விங்டிங்ஸ். டிக் குறி வேண்டுமென்று அந்த ஃபான்டிலிருந்து எடுப்பார்கள். வேறு கணினிக்குப் போனதும் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ‘யு’ வந்து நிற்கும். யூனிகோடில் ✓ தனியாகவே இருக்கிறது, அதை எடுங்கள்.

விண்டோஸின் பெட்டிகள்

கேரக்டர் மேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் இருக்கும், தேடுவதற்குள் பொழுது போய்விடும். ஆனால் ஒரு ஃபான்டில் எந்தக் குறி இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க அதுதான் சரியான இடம். விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் வரும் எமோஜிப் பெட்டியில், விண்டோஸ் 10-இன் 2019 பதிப்பிலிருந்து குறிகளுக்கும் தனித் தாவல் உண்டு. எப்போதோ ஒரு தடவை வேண்டும் குறிக்கு இது போதும். நூறு பக்க மலருக்கு இரண்டுமே மெதுவானவை.

போன்

இதில்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் கட்டுரையைப் போனில்தான் தட்டுகிறார்கள். கூகுளின் ஜிபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில விசைப்பலகைக்கு மாறி எண்கள் வரும் பக்கத்துக்குப் போனால், 1-ஐ அழுத்திப் பிடிக்க ½, ¼ வரும். 2-ஐ அழுத்திப் பிடிக்க ² வரும். சிறுகோட்டை அழுத்திப் பிடித்தால் – என்ற நடுத்தரக் கோடும் — என்ற நீளக் கோடும் கிடைக்கும். மேற்கோள் குறியை அழுத்திப் பிடித்தால் வளைந்த மேற்கோள்கள். அடுத்த குறிப் பக்கத்தில் °, ×, ÷, √, ©, ✓ எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இவை அனைத்தும் அசல் யூனிகோட் குறிகள், அலங்காரம் அல்ல. வாட்ஸ்அப்பைத் தாண்டியும் நிற்கும். எண்பலகை இல்லாத மடிக்கணினியோடு மல்லுக்கட்டும் ஆசிரியரைவிட, கையில் போன் வைத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இந்த விஷயத்தில் வசதியாக இருக்கிறது.

போனில் குறை இல்லாமலில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இரு பக்கமும் * போட்டால் அது தடித்த எழுத்தாகிவிடும், அடிக்கோடு போட்டால் சாய்ந்துவிடும். அடிக்குறிப்புக்காக உடுக்குறி போடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். எமோஜிகளை ஆசிரியர் நீக்கியே ஆகவேண்டும், ஒற்றை வண்ணத்தில் அச்சாகும் பக்கத்தில் அவை கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். பத்துப் பக்கக் கட்டுரையைப் போனில் திருத்துவதும் கண்ணுக்குக் கொடுமை. எழுதுவதற்குப் போன், திருத்துவதற்குக் கணினி என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

குறித்தாளும் அடையாளச் சொல்லும்

தனியாகக் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லாத வழி, ஒரு குறித்தாள் தயார் செய்வது. மலருக்கு வேண்டிய குறிகளை மட்டும் ஒரே வரியில் தட்டி, மலர்க்குழுவின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, அதைப் பின் செய்து வையுங்கள்: ₹ ° ² ³ ½ ¼ ¾ × ÷ ± √ – — “ ” ‘ ’ ✓ ©. வேண்டியவர் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார். கணினியில் ஒட்டும்போது ‘உரை மட்டும்’ என்ற தேர்வைப் பயன்படுத்தினால் வேறு ஃபான்ட் கூடவே ஒட்டிக்கொண்டு வராது. மெதுவான வழிதான், ஆனால் தப்பு நடக்க இடமே இல்லை. ஒருவருக்கு ஒரு கோடு, இன்னொருவருக்கு இன்னொரு கோடு என்ற குழப்பமும் தீரும், ஏனென்றால் எல்லாரும் எடுப்பது ஒரே வரியிலிருந்து.

பேஜ்மேக்கர் அச்சகத்தை விட்டால் வேறு வழியில்லை என்றால் குறித்தாள் பயன்படாது. அப்போது அடையாளச் சொல் முறைக்குப் போங்கள். டிகிரி வரவேண்டிய இடத்தில் ‘டிகிரிகுறி’ என்றும், அரை வரவேண்டிய இடத்தில் ‘அரைகுறி’ என்றும் தமிழிலேயே ஒட்டி எழுதிவிட வேண்டும். அடைப்புக்குறி எதுவும் வேண்டாம், பழைய ஃபான்டில் அவையும் மாறிப்போகலாம். தமிழ்ச் சொல் என்பதால் மாற்றும் மென்பொருள் அதைச் சேதமில்லாமல் பழைய ஃபான்டுக்குக் கொண்டுபோகும். ஆபரேட்டர் பேஜ்மேக்கரின் ஸ்டோரி எடிட்டரைத் திறந்து, ‘டிகிரிகுறி’ வரும் இடத்திலெல்லாம் ° வருமாறும், அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் ஏரியல் போன்ற ஆங்கில ஃபான்ட் விழுமாறும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். கண்டுபிடித்து மாற்றும் பெட்டியிலேயே ஃபான்டைக் குறிப்பிடும் வசதி இருக்கிறது. நாற்பது இடமானாலும் ஒரே வீச்சில் முடியும். ₹-ஐ மட்டும் அங்கே முயலாதீர்கள், ‘ரூ.’ என்றே வைத்துவிடுங்கள்.

“குறியெல்லாம் கடையில் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள்” என்று விட்டுவிடுவதும் ஒரு வழியாகப் பழக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் படியில் ஆசிரியர் தெளிவாகக் குறித்துக் கொடுத்து, மெய்ப்பும் பார்த்தால் நடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய உரையை நம்பி விட்டால் நடக்காது. ‘102’ என்று இருப்பது 10² என்று ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்?

எவ்வளவு குறி உண்மையில் வேண்டும்?

தட்டும் வழியைத் தீர்மானிப்பதற்கு முன் வேலையையே பாதியாகக் குறைக்கலாம். ஓடும் தமிழ் உரையில் ‘ரூ.500’ என்பதும் ‘ஐந்நூறு ரூபாய்’ என்பதும் ₹500-ஐவிட இயல்பாக இருக்கின்றன. ₹ வரவு செலவுப் பட்டியலில் இருக்கட்டும். ஒகேனக்கல் சுற்றுலாக் கட்டுரையில் ‘38 டிகிரி வெயில்’ என்று எழுதினால் யாருக்கும் குறைவில்லை. புவியியல் பக்கத்தில் தருமபுரி 12.1° வடக்கு, 78.2° கிழக்கு என்று எழுதும்போது குறி வேண்டும். கிருஷ்ணகிரி அணையின் 52 அடியை ‘அடி’ என்றே எழுதலாம், மேலே ஒரு கீற்றுப் போட்டால் மேற்கோள் குறியோடு குழம்பும். இரும்புக்கால அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை பற்றி எழுதும் பிள்ளை கி.மு. 2172 என்ற காலக்கணிப்பைச் சொல்லும்போது எந்தக் குறியும் தேவையில்லை. கார்பன் கணிப்பின் பிழை வரம்பை விளக்க வந்தால் ± தவிர்க்க முடியாது.

ஆண்டுகளுக்கு நடுவே உள்ள கோட்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி (1878–1972), பாப்பாரப்பட்டியில் கண்மூடிய சுப்பிரமணிய சிவா (1884–1925) என்று நடுத்தரக் கோடு போட்டுப் பாருங்கள், சிறுகோடு போட்டும் பாருங்கள். பக்கத்தின் முகமே வேறாகத் தெரியும். வேர்டில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எண்பலகையின் கழித்தல் விசையைத் தட்டினால் இந்தக் கோடு வரும். எல்லாக் கட்டுரையும் வந்து சேர்ந்தபின் ஒருவரே உட்கார்ந்து இதை மாற்றுவது நல்லது.

முன்னாள் மாணவர் பக்கத்தில் ’98 பேட்ச் என்று எழுதும்போது வேர்ட் அந்தக் குறியைத் திருப்பிப் போட்டு ‘98 என்று ஆக்கும். விட்டுப்போன எண்களுக்கான குறி ’ என்று வளைய வேண்டும். ஆல்ட்டோடு 0146 தட்டினால் சரியானது வரும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியும் உண்டு, பிரியா இடைவெளி. ‘இரா.’ என்ற முன்னெழுத்து ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்தால் பெயர்ப்பட்டியல் சிதறிப்போகும். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், இடைவெளி விசை மூன்றும் சேர்த்து அழுத்தினால் முன்னெழுத்தும் பெயரும் ஒன்றாகவே இருக்கும். வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

தமிழின் சொந்தக் குறிகள்

அட்டையில் ௵ என்ற ஆண்டுக் குறியையும் தமிழ் எண்களையும் வைக்கும் ஆசை இப்போது பல பள்ளிகளில் இருக்கிறது. எனக்கும் பிடிக்கும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, ரூபாய்க்கு ௹ என்று யூனிகோடில் இடம் உண்டு. வேர்டில் ஆல்ட்டோடு 3059, 3060, 3061, 3065 தட்டினால் முறையே வரும். ஆனால் அழகு ஃபான்டுகள் எல்லாவற்றிலும் இவை இருப்பதில்லை. நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றில் உண்டு. அட்டை வடிவமைப்பவரிடம் ஃபான்டை முடிவு செய்யும் முன்பே இதைச் சோதித்துவிடச் சொல்லுங்கள். 2025-ஐ ௨௦௨௫ என்று இடமதிப்பில் எழுதுவதா, ௨௲௨௰௫ என்று மரபுப்படி எழுதுவதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அட்டையில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருந்தால் நன்றாக இராது. இந்தக் குறிகளை விஷயம் தெரியாமல் பக்கமெல்லாம் தெளிக்காமல், அட்டையோடும் தலையங்கத்தோடும் நிறுத்திக்கொள்வது என் விருப்பம்.

குறி என்று பலர் கருதாத ஒன்று நம் பக்கத்தில் அடிக்கடி வரும். அதியமான் ஆண்ட தகடூரில் ஔவையார் இல்லாமல் மலர் உண்டா? அந்த ‘ஔ’ ஒரே எழுத்து. போனில் தேடிக் கிடைக்காமல் ‘ஒ’ தட்டி ‘ள’ தட்டிவிடுகிறார்கள். ஒளவையார், ஔவையார்: கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு சொல். பெயரைத் தேடினால் பாதி இடம் அகப்படாது, அகரவரிசையில் போட்டால் இடம் மாறி நிற்கும். ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ‘கெள’ வருவதும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வருவதும் இதே வகைதான். கௌரி, கௌதம், சௌமியா என்று பெயர்கள் இருக்கும் வகுப்புப் பட்டியலைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். வேர்டின் தேடல் பெட்டியில் ‘ஒள’ என்றும், ‘கெள’, ‘செள’ என்றும் தட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, தப்பானதை மாற்றினால் ஐந்து நிமிட வேலை. ‘ஒளி’ போன்ற சரியான சொற்களும் சிக்கும் என்பதால் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை மட்டும் தொட வேண்டாம்.

தெலுங்கு, கன்னடம், உருதுப் பக்கங்கள்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரே மலரில் மூன்று நான்கு மொழி வருவது சாதாரணம். இங்கே பழைய ஃபான்ட் முறை அறவே தோற்றுவிடும், மொழிக்கு ஒரு ஃபான்ட், ஃபான்டுக்கு ஒரு மாற்றி என்று அலைய வேண்டும். யூனிகோடில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் அடுத்தடுத்துத் தனித்தனி இடம் இருக்கிறது. விண்டோஸின் நிர்மலா ஃபான்ட் ஒன்றே மூன்றையும் காட்டும். பிள்ளைகள் போனிலேயே அந்தந்த மொழி விசைப்பலகையைச் சேர்த்துத் தட்டி அனுப்பலாம். உருது வலமிருந்து இடமாக ஓடுவதால் அந்தப் பக்கத்தை மட்டும் இன்பேஜ் என்ற உருதுப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து, முடிந்த பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக வாங்கி மலரில் சேர்ப்பதே நல்லது. உரையாக வாங்கி இங்கே ஒட்டினால் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் பக்கம் மாறி விழ வாய்ப்பு உண்டு.

ஆக, யார் எதைப் பிடிப்பது?

அச்சகம் யூனிகோட் என்றால் பிள்ளைகள் போனில் தட்டட்டும், குறித்தாள் குழுவில் இருக்கட்டும். தொகுக்கும் ஆசிரியருக்கு எண்பலகை உள்ள கணினி கிடைத்தால் மேலே சொன்ன ஆல்ட் எண்களைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மடிக்கணினி மட்டும்தான் என்றால் அங்கேயும் குறித்தாள்தான், கூடவே வலது ஆல்ட்டும் 4-உம். கோடுகள், மேற்கோள்கள், பிரியா இடைவெளி, ஔகாரம் ஆகிய நான்கையும் பிள்ளைகள் தலையில் கட்டாமல் கடைசியில் ஒரே ஆள் செய்யட்டும். அச்சகம் பேஜ்மேக்கர் என்றால் அடையாளச் சொல், ‘ரூ.’, பிறகு இரண்டு முறை மெய்ப்பு.

எந்த அச்சகமானாலும் மெய்ப்பைப் பி.டி.எஃப். ஆகக் கேட்டு வாங்குங்கள். ஆபரேட்டரின் திரையில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள், அவர் கணினியில் எல்லா ஃபான்டும் இருக்கும், எல்லாம் சரியாகவே தெரியும். வாங்கிய கோப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்து, பண்புகளுக்குள் ஃபான்டுகள் என்ற தாவலுக்குப் போங்கள். ஒவ்வொரு ஃபான்டின் பெயருக்குப் பக்கத்திலும் அது கோப்புக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது என்று இருக்க வேண்டும். இல்லாத ஃபான்ட் ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்பிப் பதித்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம் நன்கொடைப் பட்டியல், அறிவியல் கட்டுரைகள், பெயர்ப்பட்டியல் இந்த மூன்றையும் வரி வரியாகப் படியுங்கள்.